வளைவில் காத்திருக்கும் கண்

கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவில் 1976-இல் 'ரீபேக்' எனும் மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது. அடிவாரத்தை அடைவதற்குள் பின்சக்கரத் தடையின் மசகு எரிந்துவிடும். மீண்டும் மசகிட வேண்டும். பெயர்க்காரணம் அதுவே.

இத்தகைய மலைப்பந்தயத்தை இறுதித் தேர்வுப் பணிக்காகப் படமெடுக்கும் புகைப்படக்கலை மாணவர் எங்கே நிற்பார்? ஆபத்தான வளைவில்தான். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சுழலும் சக்கரம் உறைந்து நிற்கும். அவர் காத்திருப்பது பாய்ச்சலுக்கா, வீழ்ச்சிக்கா? வீழ்ந்தால் நல்ல படம் கிடைக்கும் என்று உள்ளம் எண்ணும்போதே, எதிரே வருபவர் அயலார் என்னும் நிலையிழந்து காட்சிப்பொருளாகிவிடுகிறார்.

விபத்தைக் கைப்பேசியில் பதிக்கும் நாமும் அவ்வளைவிலேயே நிற்கிறோம். எரிகோ சாலையில் அடிபட்டவரை மூவர் கண்டனர். பரிவு கொண்டவர் ஒருவரே. படமெடுப்பது பாவமன்று. ஆயினும், வேண்டியபோது கருவியைக் கீழே வைக்க நம் கைகள் அறிந்திருக்க வேண்டும்.