வெட்டவெளியும் அணையா அடுப்பும்

சேத்தியாத்தோப்புக் குறுக்குரோட்டில் நின்று கிழக்கே போகிற பேருந்தில் ஏறினால் சிதம்பரத்தில் இறங்கலாம். வடக்கே போகிறதில் ஏறினால் வடலூரில் இறங்கலாம். முதல் ஊரில், திரையை விலக்கித் தீபம் காட்டும்போது உருவம் என்று ஒன்றும் புலப்படாமல், பொன் வில்வ மாலை தொங்கும் வெறும் வெளியே இரகசியமாகத் தரிசனம் தருகிறது. மற்ற ஊரில், பசித்து வருவோர் எவராயினும் சோறிட வேண்டுமென்று 1867ஆம் ஆண்டு இராமலிங்க வள்ளலார் மூட்டுவித்த தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. இவ்விரண்டு ஊருக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு ஒரு கேள்வி இயல்பாகவே எழ வேண்டும்: இரக்கம் என்பது துன்பத்தைக் கண்ட கணத்தில் தானே சுரப்பதா, அன்றி முன்கூட்டியே பயின்று வைக்க வேண்டிய சாதனையா?

இக்கேள்விக்கு விடை தேட ஒரு புயலிலிருந்து தொடங்கலாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் செல்போன் கோபுரம் தன் பேட்டரியைக் கொண்டு சில மணி நேரமே உயிர் தரிக்கும். டீசல் வந்து சேரப் பாதை இல்லையேல் அதுவும் ஊமையாகிவிடும். அத்தகைய வேளைக்கென்றே அமைந்தது போலிருப்பது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. கார் பேட்டரி ஒன்று, மேஜை மூலையில் அடங்கும் கருவி ஒன்று, இரண்டு தென்னைகளுக்கு இடையே கொடி கட்டுவது போல் கட்டிய இருபது மீட்டர் கம்பி: இவ்வளவே அதன் சம்பத்து. அக்கம்பியிலிருந்து மேலெழும் நாற்பது மீட்டர் நீள அலை, வானத்தின் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல் இறங்குகிறது. நடுவில் கோபுரமும் வேண்டியதில்லை, கம்பெனியும் வேண்டியதில்லை.

சப்தம் ஆகாசத்தின் குணம் என்று தார்க்கிகர்கள் சொன்னார்கள் என்பதால், முன்னோர் ரேடியோவையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவோர் உண்டு. அது பேதைமை. சப்தம் பரவக் காற்று முதலான ஓர் ஊடகம் வேண்டும். ரேடியோ அலைக்கு அதுவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு வஸ்துக்கள். எனினும், வெறுமை என்று நாம் அலட்சியம் செய்கிற வெளியே எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது என்ற சிதம்பரத்தின் தத்துவத்தை, புயலிரவில் ஒரு கம்பியின் வழியே வரும் மனிதக் குரல் நம் செவிக்கு எட்டச் செய்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

2004ஆம் ஆண்டு டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், ஒரு சிறு குழுவுடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். அந்தமானிலிருந்து நெடுங்காலமாக ஒரு ஹாம் குரலும் எழாதிருந்தமையால், அவரோடு ஒரு வார்த்தையேனும் பேசிவிட ஹாம்கள் எனப்படும் உலகெங்குமுள்ள அமெச்சூர் வானொலியாளர்கள் முண்டியடித்தனர். ஒருவகையில் அது விளையாட்டே. 26ஆம் தேதி விடிகாலையில் பூமி நடுங்கிக் கடல் பொங்கியபோது, தேவனாம்பட்டினம் முதலான நம் கடலோரக் குப்பங்களை அழித்த அதே அலை அந்தத் தீவுகளையும் வாரியது. சாதாரணத் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டுக்கென விரித்த கம்பி அன்றே தர்மக் கம்பியாயிற்று. தீவிலிருந்தோரின் க்ஷேம சமாசாரம் அதன் வழியே கரையிலிருந்த உறவினருக்குச் சென்றது. அம்மையாரின் கருணையைப் போற்றுவோம். ஆனால் ஆயத்தமான கருவியும் பயின்ற கையும் இல்லாதிருந்தால் அக்கருணை கண்ணீராக மட்டுமே வெளிப்பட்டிருக்கும்.

இப்பயிற்சியில் முதலாவது பாடம் பேச்சன்று, கேட்டல். ஹாம் ஒருவர் அழைப்பு விடுப்பதற்கு முன், அந்த அலைவரிசையில் வேறெவரேனும் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று செவி கொடுத்தாக வேண்டும். மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை பேசலாம், கேட்க முடியாது. விரலை எடுத்தால்தான் எதிர்க்குரல் வரும். ஆபத்துச் செய்தி போய்க்கொண்டிருக்கையில், தொடர்பில்லாதவர் அனைவரும் வாய் திறவாமல் காத்திருப்பதும் தொண்டாகவே கருதப்படுகிறது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று சைவ சித்தாந்தம் வகுத்த நான்கு படிகளில் முதற்படி எதுவென்று நினைவு கூர்வோமாக. மேலும், இச்சேவையில் பணலாபம் கூடாது என்பது சர்வதேச விதி. பலனை எதிர்பாராத கர்மத்தைப் பற்றி வாயோயாமல் பேசுகிற நம் நாட்டில், அதைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்ட பொழுதுபோக்கு இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

செயற்கைக்கோள் தொலைபேசிகள் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். ஊருக்கு ஒன்றிரண்டு அதிகாரிகள் கையில் இருக்கும் சாதனம் ஊராருடையது ஆகாது என்பதே என் பதில். வள்ளலார், பசித்தவன் வந்த பிறகு விறகு தேடப் போகவில்லை. அவன் வருமுன்னரே அடுப்பை மூட்டி வைத்தார். இரக்கம் பிறவியில் வருவதாயினும் அதன் பயன் பயிற்சியில்தான் இருக்கிறது என்பதை அந்த அடுப்பைவிடத் தெளிவாகச் சொல்லும் சாஸ்திரம் இல்லை.

பன்னிரண்டு வயது நிரம்பியவர் மத்திய அரசின் தேர்வை எழுதி ஹாம் உரிமத்தைப் பெறலாம். வெள்ளாற்றங்கரையிலும் வீராணத்தைச் சுற்றிலுமுள்ள பள்ளிக்கூடங்களில் ஒன்றிலேனும், ஐப்பசி மழை பிறக்குமுன், ஒரு கம்பி ஏறட்டும். நாலு பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து கேட்கப் பழகட்டும்.