பாலத்தின் இருபுறமும் அறம்

சிங்கப்பூரின் வடபால் அமைந்த உட்லண்ட்சையும் மலேசியாவின் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். இரு கரையிலும் வீசுவது ஒரே காற்று. வழங்கும் வரிச்சட்டங்களோ வெவ்வேறு.

தென்கரையில் 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள் சேவை வரி, 2024இல் 9 விழுக்காடாயிற்று. வடகரையில் அத்தகைய வரி 2015இல் 6 விழுக்காடாக வந்து, 2018இல் அகன்றது. பழைய விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டன. இவற்றுள் எது அறம்?

தமிழர் வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் புலி முத்திரை பொறித்துச் சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை பெருமையாகவே காட்டுகிறது. பின்னாளில் முதற் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்தவன்' என்றே புகழ் பெற்றான். கொண்டதும் புகழாயிற்று, தவிர்த்ததும் புகழாயிற்று. எனவே, அறம் வரியின் அளவில் மட்டும் இல்லை. எளியோரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதில் உள்ளது. சிங்கப்பூர், அரிசிக்கும் வரி கொண்டு, வருவாய் குறைந்தோர்க்குப் பற்றுச்சீட்டுகள் வழியே உதவுகிறது. மலேசியா, அடிப்படை உணவுப் பொருள்கள் பலவற்றை விற்பனை வரிக்கு வெளியே நிறுத்துகிறது. வழிகள் இரண்டு, நோக்கம் ஒன்று.

அரசின் கடமை இதுவாயின், குடிமகனின் கடமை யாது? விலை மலிந்த இடத்தில் வாங்குவது குற்றமன்று. சிங்கப்பூர்ச் சட்டமே, 48 மணி நேரத்துக்குள் திரும்பும் பயணிகளுக்கு 100 வெள்ளி மதிப்புள்ள பொருள்கள்வரை வரிவிலக்கு அளிக்கிறது. அதற்கு மேற்பட்டதை அறிவித்து வரி செலுத்துதல் முறை. ஆனால், பற்றுச்சீட்டைக் கிழித்தெறிந்து, பொருளைப் பையின் அடியில் மறைப்பவர் செய்வது சிக்கனமா? அன்று, அயலார் செலுத்தும் வரியால் ஆன சாலையில் செலுத்தாமலே நடப்பதாகும்.

சிங்கப்பூரில் பதிவான ஊர்திகள் எல்லை கடக்குமுன் எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்கேனும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது 1991 முதல் விதி. தொட்டியின் முள்ளைச் சட்டம் பார்க்கலாம். நெஞ்சின் முள்ளை யார் பார்ப்பார்?

நாடுகளின் வரிச்சட்டங்களை ஒப்பிடுவோர் வேறுபாடுகளையே மிகுதியாகக் காண்பர். எனினும், அவை யாவும் ஓர் அடித்தளத்தில் நிற்கின்றன: 'என்னிடம் இன்னது உள்ளது' என்று மனிதன் உண்மையாக உரைப்பான் என்னும் நம்பிக்கை அது. விழுக்காடு கரைக்குக் கரை மாறலாம், வாய்மை மாறலாகாது.