உடலின் திசைகள் எவருக்கு உரியவை?

ஓர் உறுப்பு மேலே இருக்கிறது, வலப்புறம் இருக்கிறது என்று சொல்லும்போது, அந்தத் திசை உடலுக்கே உரியதா, உடல் நிற்கும் வெளிக்கு உரியதா, பார்ப்பவருக்கு உரியதா என்பது மெய்யியலில் பழைய வினா. உடற்கூறியல் இதற்கு நடைமுறை சார்ந்த விடை ஒன்றை வைத்திருக்கிறது: நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கியிருக்கும் மனித உருவத்தை நியமநிலையாகக் கொண்டு, வலம் இடம் இரண்டையும் அவ்வுடலின் வலம் இடமாகவே அது கணக்கிடுகிறது, ஆகவே நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் அவருடைய கல்லீரலின் பெரும்பகுதி வலப்புறத்ததே. மாதொருபாகனின் இடப்பாகத்தில் உமை இருப்பதாகச் சைவர் கூறுவதும் இதே கணக்குத்தான். எதிரே நின்று வணங்குபவரின் கண்ணுக்கு அவள் வலப்பக்கமாகவே தெரிகிறாள்.

நான்கு கால் விலங்குகளிடம் இந்த நியமநிலை செல்லுபடியாகாது. மனிதனின் முதுகு பின்னால் இருக்க, பசுவின் முதுகு வானை நோக்குகிறது. எனவே விலங்கு உடற்கூறியல் மேல், கீழ் என்ற சொற்களைப் பெரிதும் விலக்கி, தலைப்புறம், வால்புறம், முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்று உடலின் பகுதிகளையே திசைகாட்டிகளாக்கிக்கொண்டது.

இந்த வழியை அதன் வேரிலிருந்து முதலில் சிந்தித்தவர் அரிஸ்டாட்டில். விலங்குகளின் நடையைப் பற்றிய நூலில் அவர் திசைகளை இருப்பிடத்தால் அல்லாமல் செயலால் வரையறுத்தார்: உணவு ஏற்கப்படும் பகுதி மேல், புலன்கள் நோக்கும் பக்கம் முன், இயக்கம் தொடங்கும் பக்கம் வலம். வேரால் உணவு கொள்ளும் மரம், இந்த வரையறையின்படி, தலைகீழாக நிற்கிறது. வேடிக்கையாகத் தோன்றினாலும் இது ஆழமான கருத்து. ஏனெனில் முன்பின் என்ற பேதமே இல்லாத வளர்ந்த நட்சத்திர மீனுக்கு இன்றைய விலங்கியலும் வாய்ப்புறம், வாயின் எதிர்ப்புறம் என்றுதான் திசை வகுக்கிறது. ஆனால் அரிஸ்டாட்டில் அதோடு நிற்கவில்லை. வலம் இடத்தினும் மேன்மையானது என்றும், உயிருள்ள வானத்துக்கும் வலம் உண்டு, விண்மீன்கள் உதிக்கும் பக்கமே அது என்றும் சொன்னபோது, அவர் உயிரியலை விட்டுச் சமயத்துக்குள் புகுந்துவிட்டார்.

வலமும் இடமும் செயலால் விளக்கப்படுமா என்பதை வேறொரு கோணத்தில் அசைத்தவர் கான்ட். 1768ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் காட்டியது இது: இரு கைகளின் உறுப்புகளும் அவற்றிடையே உள்ள தொடர்புகளும் அளவுகளும் ஒன்றாகவே இருந்தும், ஒரு கையின் உறை மறு கைக்குப் பொருந்துவதில்லை. உறுப்புகளின் உள்தொடர்புகளில் அடங்காத இந்த வேறுபாட்டுக்கு, பொருள்களைச் சாராத வெளியே அடிப்படை என்று அப்போது கருதிய அவர், 1770இல் அதே சான்றைக் கொண்டு, வெளி கருத்துகளால் அன்றி நேரடிக் காட்சியால் அறியப்படுவது என்று வாதிட்டார். முடிவு மாறியது; கைகள் எழுப்பிய புதிர் மாறவில்லை.

கருவியல் இந்தப் புதிரைத் தீர்க்கவில்லை என்றாலும் வலத்தின் மேன்மையைத் தீர்த்துவிட்டது. எலிக்கருவில் ஒரு சிறு குழியிலுள்ள குற்றிழைகள், அதாவது சுழலும் நுண்மயிர்கள், நீர்மத்தை இடப்புறமாகத் தள்ளுவதிலிருந்தே உள்ளுறுப்புகளின் பக்கவேறுபாடு தொடங்குவதை ஆய்வாளர்கள் கண்டனர். மனிதரில், குற்றிழைகள் சரிவர இயங்காத பிறவிக் குறைபாடு உடையவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் வலப்புறமும் கல்லீரல் இடப்புறமுமாக உள்ளுறுப்புகள் முழுவதும் பக்கம் மாறி அமைகின்றன. அவ்வாறு முழுமையாக மாறிய அமைப்பினால் மட்டும் அவர்களுக்குப் பொதுவாகத் தீங்கு எதுவும் நேர்வதில்லை.