வாய்தா

நேர்முகத் தேர்வுக்குக் குறித்த நாளில் போக முடியவில்லை. வேறு நாள் கேட்டு எழுத வேண்டும். இதை மரியாதையாக எழுதுவது எப்படி என்ற கேள்வியை நம்மில் பலரும் மொழிநடைப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'பணிவுடன்' ஒன்று, 'தாழ்மையுடன்' இரண்டு, கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று போட்டுவிட்டால் மரியாதை வந்து சேர்ந்துவிடும் என்று நம்பிக்கை. மனு எழுதிப் பழகிய ஜனங்களுக்கு இது இயல்புதான். ஆனால் இது நடை பற்றிய கேள்வி அல்ல, ஒழுக்கம் பற்றிய கேள்வி என்று நினைக்கிறேன். வேறு நாள் கேட்பவன் உண்மையில் என்ன செய்கிறான், எதைத் தருகிறான், அதற்கு எதிரே இருப்பவன் எதைத் தரக் கடமைப்பட்டவன் என்று யோசிக்காமல் மரியாதையைப் பற்றிப் பேச முடியாது.

தமிழில் இதற்கு இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒன்று தவணை, கள்ளக்குறிச்சி வங்கிக் கிளை ஒன்றில் எழுத்தனாக உட்கார்ந்திருக்கும் நான் அன்றாடம் உச்சரிக்கும் சொல். மற்றது வாய்தா. கோர்ட்டில் வழக்கு ஒத்திப்போனால் வாய்தா. நிலவரி கட்டுவதற்குக் குறித்த கெடுவும் வாய்தா. உருது வழியாக நம்மிடம் வந்த சொல். அதன் அரபு வேர் வாக்குறுதியைக் குறிப்பது. இன்று நாம் மறந்துவிட்ட பொருள் அதுதான். வேறு நாள் கேட்பவன் சலுகை கேட்கிறான் என்று நினைக்கிறோம். அவன் ஒரு வாக்குறுதியைத் தருகிறான். இன்று வர முடியாது என்பது அதில் பாதி. இந்த நாளில் வருவேன் என்பது மீதி. இரண்டாம் பாதி பொய்யானால், முதல் பாதியில் எத்தனை பணிவைக் கொட்டினாலும் அது மரியாதை ஆகாது.

கான்ட் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் சொல்லும் உதாரணம் ஏறக்குறைய எங்கள் கவுண்டரில் நடப்பது. திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருவதாகச் சொல்லி ஒருவன் கடன் கேட்கிறான். எல்லோரும் இப்படிச் செய்வது விதியாகிவிட்டால் வாக்குறுதி என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும் என்பது கான்ட்டின் தர்க்கம். வாசகர்களுக்கு இது வறட்டுத் தர்க்கமாகத் தோன்றலாம். கள்ளநோட்டு வந்த வாரத்தில் கவுண்டரில் இருந்து பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. கள்ளநோட்டின் கெடுதல் அந்த ஒரு தாளோடு முடிவதில்லை. நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வைத்துவிடுகிறது. லீவு லெட்டரில் நாம் கொன்ற பாட்டிகளின் கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் உண்மையாகவே பாட்டியை இழந்து எழுதுகிறவன் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவனாகிறான்.

அரவிந்தர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. 1890இல் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வில் தேறினார். கேம்பிரிட்ஜில் பயிற்சிக் காலமும் ஓடியது. மிஞ்சியது குதிரையேற்றச் சோதனை ஒன்றுதான். 1892இல் அதற்கு நாள் மேல் நாள் கொடுத்தார்கள். அவர் போகவில்லை. நவம்பரில் கடைசியாகக் குறித்த நாளிலும் போகவில்லை. விலக்கப்பட்ட பின் இந்தியா மந்திரி கிம்பர்லி பிரபுவுக்கு மனு எழுதினார். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது, பணமுடை எல்லாம் சொல்லி இன்னொரு வாய்ப்புக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அந்த வேலையில் தனக்கு விருப்பம் இருக்கவில்லை, வேண்டுமென்றே தவிர்த்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

அந்த மனுவில் காரணம் பொய்யல்ல. வறுமை நிஜம். நடையிலும் குறை சொல்ல இடமில்லை. இல்லாதது வாக்குறுதி மட்டுமே. அதாவது அது வாய்தா அல்ல, வாய்தாவின் உருவம். ஒருவேளை அப்போது அவர் மனம் இரண்டாகவே இருந்திருக்கலாம். தேசத்துக்கு அது லாபமாகவும் முடிந்தது. 1910இல் அவர் வந்து சேர்ந்து கடைசிவரை வாழ்ந்த புதுச்சேரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் விளைவின் பெருமையைக் கொண்டு செயலை மதிப்பிடுவது நம் விமர்சனத்தைப் பிடித்த பழைய நோய். பக்கத்தில் சுபாஷ் சந்திர போஸை வைத்துப் பார்க்கலாம். 1920இல் அதே ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாகத் தேறியவர், 1921 ஏப்ரலில் பயிற்சியாளர் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கும்படி மாண்டேகுவுக்கு எழுதிவிட்டார். வர விருப்பமில்லாதவன் செய்யக்கூடிய மரியாதையான காரியம் அதுதான். இன்னொரு நாள் கேட்காமல் இருப்பது.

இதுவரை கேட்பவனைப் பற்றியே பேசினேன். வாக்குறுதிக்கு இரண்டு முனை உண்டு. வங்கித் தேர்வுகளுக்கு வரும் அழைப்புக் கடிதத்தில், நாளையோ மையத்தையோ மாற்றக் கோரும் வேண்டுகோள் ஏற்கப்படமாட்டாது என்று முன்கூட்டியே அச்சிட்டிருக்கும். (2016 முதல் எழுத்தர் வேலைக்கு நேர்முகமே கிடையாது. நான் சேர்ந்தபோது இருந்தது.) லட்சக்கணக்கானவர்களை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் கேட்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்வதை மரியாதை என்று யாரும் சொல்ல வேண்டாம். வக்கீல் கேட்டால் வாய்தா, பெரிய கடன்காரர் கேட்டால் கடன் சீரமைப்பு. வேலை கேட்பவன் கேட்டால் ஒழுங்கீனம். யாருடைய நேரத்தை நாம் நேரமாகக் கருதுகிறோம் என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலை. 1976இல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்வரை அது மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடி ஜனங்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். வரச்சொன்ன நாளில் வர வேண்டும். இன்னொரு நாள் வருகிறேன் என்பதற்கு அங்கே வாக்கியமே இல்லை. தன் நாள் தன்னுடையது என்று இருப்பவன்தான் அதில் ஒன்றை எடுத்து இன்னொருவனுக்கு வாக்காகத் தர முடியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்த பிறகு, மலைக்காரர்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம் ஒருவகையில் நேரத்தைப் பற்றியவைதான். சிக்னல் இல்லாத ஊரில் இருப்பவனுக்கு அழைப்பு போனுக்கு வந்த நாள் ஒன்று, கச்சிராயபாளையம் இறங்கி அவன் அதைப் பார்க்கும் நாள் வேறொன்று.

வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பட்டம் படித்தவள், எங்கள் கிளையில் அவளுக்குக் கணக்கு உண்டு. ஒரு தனியார் கம்பெனி நேர்முகத்துக்கு வியாழக்கிழமை வரச்சொல்லியிருந்தது. செவ்வாயன்று பாட்டி இறந்துவிட்டாள். ஒரு தாளை நீட்டினாள். பாட்டி இறந்துவிட்டார், வியாழன் காரியம், வர இயலாது, வெள்ளி அல்லது திங்கள் வருகிறேன், எந்த நாள் என்று தெரிவிக்கவும். அவ்வளவுதான்.

"கொஞ்சம் மரியாதையா மாத்திக் குடுங்க சார்" என்றாள்.

"இதுல என்னம்மா மரியாதை கொறையுது?"

"ரொம்ப நேரா இருக்கு சார். திமிருன்னு நெனச்சுக்குவாங்க."

நான் பெயரையும் எந்த வேலைக்கான நேர்முகம் என்பதையும் மேலே சேர்க்கச் சொன்னேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை இறங்கிப் போய்க் காத்திருந்து திரும்பினாள். திங்கட்கிழமையும் போனாள். பதில்தான் வரவில்லையே, எதற்கு இரண்டு தடவை அலைந்தாய் என்று கேட்டேன். "ரெண்டு நாளும் நான் எழுதினதுதானே சார்" என்றாள். திங்கட்கிழமை அவளை உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். வேலை கிடைக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். பலவீனனுக்குப் பொய்தான் ஆயுதம். அவனிடம் போய் கான்ட்டைப் பேசுவது மேல்தட்டு ஒழுக்கம் என்றார். பலவீனனின் பொய்யைக் கண்டிக்க எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ஆயுதம் யார்மேல் பாய்கிறது? கம்பெனிக்காரனுக்கு ஒரு கீறலும் இல்லை. அடுத்து உண்மையோடு வரும் மலைப்பெண்ணின் தாளைத்தான் அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். 'தாழ்மையுடன்' என்ற சொல்லையும் இதே காரணத்துக்காகவே மறுக்கிறேன். அது தன்னைக் குறைத்துக்கொள்வதன் மூலம் வாக்குறுதியின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது. தாழ்ந்து கிடப்பவன் தரும் வாக்கை யார் வாக்காக எடுத்துக்கொள்வார்கள்?

ஆகவே எழுத வேண்டியது கொஞ்சம்தான். தெரிந்த அன்றே எழுத வேண்டும். அடுத்தவன் வீணாகக் காத்திருக்கக்கூடாது. காரணத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத காரணமானால் சொல்ல இயலாது என்று எழுதலாம், இன்னொன்றை இட்டுக்கட்ட வேண்டாம். வரக்கூடிய நாட்களைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். மன்னிப்பு ஒரு தடவை போதும். போக மனமில்லை என்றால் போகவில்லை என்று எழுதிவிட வேண்டும்.

இத்தனையும் செய்தவனுக்குப் பதில் போடுவது எதிர்முனையின் கடமை. முடியாது என்பதும் பதில்தான். அதைக்கூடப் போடாதவர்கள் மரியாதையைப் பற்றி நம்மிடம் பேச வரக்கூடாது.