வாய்க்கால் கரையில் நட!

இரவு பத்து மணி. புராஜெக்ட் ரிப்போர்ட் பாதியில் நிற்கிறது. லேப்டாப் திரையின் மூலையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் உனக்குக் கை நடுங்குகிறது. "ஐயோ, எனக்கு இதெல்லாம் தெரியாதே!" விடிந்ததும் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுவாய். அங்கே என்ன சொன்னாலும் தலையாட்டுவாய்.

தம்பி, தங்கச்சி, அந்தத் தலையாட்டலை நிறுத்து!

நானும் ஒருமுறை ஆட்டினேன். என் லேப்டாப் 60 சதவீதத்துக்கு மேல் ஏற மறுத்தது. பேட்டரி போய்விட்டது என்றார்கள்; புதிது வாங்கி மாட்டினேன். அதுவும் 60-இலேயே நின்றது. அடுத்து, போர்டு போயிருக்கும் என்றார்கள். அன்று இரவு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உட்கார்ந்தேன். செட்டிங்ஸை வரி வரியாகப் படித்தேன். பேட்டரியின் ஆயுளைக் காக்க 60 சதவீதத்தில் நிறுத்து என்று ஒரு வசதி ஆன் ஆகியிருந்தது. அணைத்தேன். 61 என்று காட்டியது! லித்தியம் அயான் பேட்டரி எப்போதும் முழு சார்ஜில், அதுவும் சூட்டில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். அதனால்தான் பல கம்பெனிகள் இந்த வசதியை வைத்திருக்கின்றன. பழுதே இல்லாத ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தேன். என்னிடம் இல்லாமல் போனது அறிவு அல்ல, 'நானே பார்க்கிறேன்' என்ற துணிச்சல்.

கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் விவசாயி என்ன செய்கிறார்? வயலைக் குறை சொல்லிக்கொண்டு உட்காருவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடக்கிறார், அடைப்பு எங்கே என்று பார்க்க. மின்சாரமும் அப்படித்தான் ஓடி வருகிறது. நீயும் நட!

சுவிட்ச்போர்டில் தொடங்கு, அதே பிளக்கில் போன் சார்ஜரைப் போட்டால் கரன்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தது அடாப்டர். அதன் முதுகில் உள்ள பொடி எழுத்தை என்றைக்காவது படித்திருக்கிறாயா? 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பார், சுமார் 65 வாட். நண்பனிடம் இரவல் வாங்கிய 45 வாட் அடாப்டரை மாட்டிவிட்டு, ஏறவில்லையே என்று புலம்பினால் எப்படி ஏறும்? டைப்-சி என்றால் கேபிளையும் சந்தேகி. 60 வாட்டுக்கு மேல் கொண்டுபோக உள்ளே சிறு சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பார்வைக்கு எல்லாக் கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிறகு லேப்டாப்பின் சார்ஜிங் துளை. டார்ச் அடித்துப் பார். பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம், ஆட்டினால் ஜாக் ஆடலாம். சில அடாப்டர்களின் உருண்டை முனை நடுவில் ஊசி போல ஒரு கம்பி இருக்கும். 'நான் இத்தனை வாட்' என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தால் லேப்டாப் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. எத்தனை போர்டுகள் இந்த ஒரு கம்பிக்காகப் பழி சுமந்திருக்கும்!

மெத்தையில் வைத்து வேலை செய்கிறாயா? உள்ளே சூடு 45 டிகிரியை ஒட்டினாலே பேட்டரி சார்ஜை மறுக்கக்கூடும். தரையில் வை, ஆறட்டும். அப்போதும் ஏறாவிட்டால் லேப்டாப்பை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டு. அணைத்திருக்கும்போது ஏறுகிறது, விண்டோஸ் ஓடும்போது ஏறவில்லை என்றால் வாய்க்காலில் பெரிய உடைப்பு இல்லை. செட்டிங்ஸைப் பார், அடாப்டரின் வாட் போதுமா என்று மறுபடி பார்.

ஒன்றில் மட்டும் வீரம் காட்டாதே. டச்பேட் மேலெழும்பி, அடிப்பகுதி உப்பியிருந்தால் உடனே அணை, அடாப்டரைக் கழற்று. குத்தாதே, அழுத்தாதே, தெரிந்தவரிடம் கொண்டுபோ. எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அறிவதும் தைரியம்தான்.

உன் மடியில் கிடக்கும் அந்தப் பேட்டரியின் பின்னால் ஜான் குடினஃப் என்ற விஞ்ஞானியின் உழைப்பு இருக்கிறது. அவர் 1922-இல் பிறந்தவர். டிஸ்லெக்சியாவால் சிறுவயதில் படிக்கவே திணறியவர். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய குழு கண்ட கோபால்ட் ஆக்சைடு மின்முனைதான் 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரிக்கு அடித்தளம். 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. எழுத்துக் கூட்டவே சிரமப்பட்ட சிறுவன் இதைச் செய்தான். நீயோ திரையில் ஒரு வரியைப் பார்த்து மிரள்கிறாய்!

பேட்டரிதான் தேய்ந்திருக்கிறதா? அதையும் நீயே கண்டுபிடி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை இருக்கிறது, காசு கிடையாது. டிசைன் கெபாசிட்டி 50,000 என்று இருந்து, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 22,000-க்கு இறங்கியிருந்தால் புதிது வாங்கத்தான் வேண்டும். கடைக்குப் போ, ஆனால் நிமிர்ந்து போ. "அண்ணே, இது பாதிக்கும் கீழே வந்துடுச்சு. இதே மாடலுக்குப் பேட்டரி என்ன விலை?" என்று கேள். எதிரே இருப்பவரின் குரலே மாறும்.

இப்போது கடை மூடியிருக்கும். நல்லதாயிற்று. டார்ச்சை எடு, சுவிட்ச்போர்டிலிருந்து நடக்கத் தொடங்கு.