யாருடைய உப்பு?

மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் முன்னாள் வீரர் கரி நெவில், அந்தக் கழகத்தின் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தைத் தொலைக்காட்சியில் கிழித்துத் தொங்கவிட்டது சரியா பிழையா என்ற வாக்குவாதம் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட இரசிகர்கள் மத்தியில் 2021 இல் சூடுபிடித்தது. இன்னும் முடிந்தபாடில்லை. மதுக்கடைகளில் நடக்கிறது, பஸ் தரிப்புகளில் நடக்கிறது, நாங்கள் வேலைசெய்வது போன்ற உணவகங்களின் பின்பக்கத்துச் சமையலறைகளில் வெங்காயம் உரிக்கும்போது தொடங்கி இரவு நிலம் கழுவி முடிக்கும்வரை நடக்கிறது. வெறும் பந்து விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட எம்மால் முடியவில்லை.

நடந்தது இதுதான். 2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் சேர்ந்து 'சுப்பர் லீக்' என்று தமக்கென ஒரு தனிப்போட்டியை அமைக்கப்போவதாக அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள். தொடங்கும் கழகங்கள் எவ்வளவு மோசமாக விளையாடினாலும் அதிலிருந்து கீழே இறக்கப்படமாட்டா என்பதுதான் திட்டத்தின் சாரம். தோற்றால் இறங்கவேண்டும் என்ற பயமே இல்லாத போட்டி! அன்று யுனைற்றட் பேர்ன்லியுடன் ஆடிய ஆட்டத்துக்காக ஸ்கை தொலைக்காட்சியில் இருந்த நெவில் கமராவுக்கு முன்னால் கொதித்தார். இது பேராசை என்றார். தனது சொந்தக் கழகத்துக்கும் சேர்த்துப் புள்ளிகளை வெட்டவேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை இரவோடு இரவாக இங்கிலாந்துக் கழகங்கள் பின்வாங்கின. மே 2 ஆம் திகதி இரசிகர்கள் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்துக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

கிளேசர்கள்மேல் ஏன் இந்த வெறுப்பு என்பதைப் பந்து பார்க்காத வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அமெரிக்க வியாபாரியான மல்கம் கிளேசர் 2005 இல் யுனைற்றட்டை ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்குத் தன்வசமாக்கினார். அதில் பெரும்பகுதி கடன். அதுகூடப் பரவாயில்லை, கடனில் வீடு வாங்காத எம்மவர் யார்? ஆனால் இந்தக் கடனின் பெரும்பகுதி வாங்கியவரின் தலையில் ஏறவில்லை, வாங்கப்பட்ட கழகத்தின் தலையில் ஏறியது. விளங்குவதற்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவர் நாங்கள் வேலைசெய்யும் உணவகத்தை வங்கிக் கடனில் வாங்குகிறார். அடுத்தநாள் வந்து, 'இந்தக் கடையை நான் வாங்கிய கடனை இந்தக் கடையின் காசுப்பெட்டியே கட்டும்' என்கிறார். கோழி தன் விலையைத் தானே கொடுத்து, வாங்கியவனுக்குக் கறியாகவும் வேண்டும்! அதுவரை கடனில்லாமல் இருந்த கழகம் அது. பின்வந்த வருடங்களில் வட்டியென்றும் பங்கிலாபமென்றும் கட்டணங்களென்றும் அதிலிருந்து வெளியே போன பணம் ஒரு பில்லியன் பவுணைத் தாண்டியது.

எங்கள் சமையலறையில் தந்தூரி அடுப்பில் நிற்கும் அண்ணை நீண்டகால யுனைற்றட் இரசிகர். அவருக்குக் கிளேசர்களையும் பிடியாது, நெவிலையும் பிடியாது.

'அவங்கட காசில சாப்பிட்டிட்டு இப்ப அவங்களையே ஏசுறான். உப்புப் போட்ட வீடெல்லோ!'

கோப்பை கழுவும் தம்பி விடமாட்டான். 'அண்ணை, நெவில் 1992 இல இருந்து விளையாடினவர். கிளேசர் வந்தது 2005 இல. 2011 இல இவர் விட்டிட்டார். ஆறு வருசம்தான் அவங்கட சம்பளம்.'

'ஆறு வருசம் திண்டால் அது உப்பில்லையோ?'

தம்பியிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அண்ணையின் கேள்வி சிரிப்போடு போய்விடக்கூடிய ஒன்றல்ல.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதைச் சோற்றோடு குழைத்து ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். செஞ்சோற்றுக்கடன் என்றால் எமக்குக் கர்ணனும் கும்பகர்ணனும். கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் கும்பகர்ணனா விபீஷணனா என்று விடிய விடிய அடிபட்டு ஓய்ந்திருக்கிறோம். கும்பகர்ணன் அண்ணனின் முகத்துக்கு நேரே நீ செய்தது பிழை என்றான், சொல்லிவிட்டு அந்த அண்ணனுக்காகவே போய்ச் செத்தான். விபீஷணனும் சொன்னான், அண்ணன் கேட்கவில்லை, எதிர்ப்பக்கம் போனான். எங்கள் பேச்சுவழக்கில் இவனுடைய பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நெவில் இரண்டு பேரிலும் சேர்த்தியில்லை. ஆட்டத்தை ஆடி முடித்து, ஓய்வு பெற்று, பத்து வருடம் கழித்து, வேறொரு முதலாளியின் சம்பளத்தில் இருந்துகொண்டு கொதித்தவர். அண்ணையின் கோபத்துக்கு இதுதான் அடி.

ஆனால் அந்தப் பட்டிமன்றங்களில் ஒருவரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. கும்பகர்ணனுக்குப் போட்ட சோறு எங்கிருந்து வந்தது? ஆறுமாத நித்திரையால் எழும்பி அவன் மலைமலையாகச் சாப்பிட்ட அந்தச் சோற்றை இராவணன் இருபது கையாலும் உழுதா விளைவித்தான்? இலங்கையில் வயல் செய்தவன் ஒருவன் இருந்திருப்பானே, அவனை ஏன் எந்த நடுவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை?

நெவிலின் சம்பளம் கிளேசர் அமெரிக்காவிலிருந்து தபாலில் அனுப்பியதல்ல. ரிக்கற் வாங்கியவனின் காசு, தொலைக்காட்சிக்கு மாதாமாதம் கட்டியவனின் காசு, பிள்ளை அழுகிறதே என்று ஒவ்வொரு வருடமும் புதிய மேற்சட்டை வாங்கிக்கொடுத்த தகப்பனின் காசு. எங்கள் தொழிலிலும் இது கண்கூடு. 'என்னாலதான் உங்கட வீட்டு அடுப்பு எரியுது' என்று சொல்லாத முதலாளி குறைவு. சாப்பிட்டுவிட்டுக் காசு வைப்பவன் ஒருவன், அடுப்பில் வேகிறவன் இன்னொருவன், நன்றி மட்டும் மூன்றாமவனுக்கு. முதலாளி இல்லாவிட்டால் கடையே இல்லையே என்று கேட்கலாம். தன் காசைப் போட்டு, நட்டம் வந்தால் தானே விழுந்துபோகிற முதலாளிக்கு அந்த நியாயம் கொஞ்சமாவது உண்டு. கடனைக் கழகத்தின் தலையில் கட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. உப்பைப் பற்றிக் கதைப்பதானால், கிளேசர்கள்தான் கழகத்தின் உப்பைத் தின்றவர்கள்.

இப்படிச் சொன்னவுடன் நெவில் தப்பிவிட்டார் என்று எண்ணவேண்டாம். உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் கடன்பட்டது இரசிகர்களுக்கு என்றால், அந்தக் கடன் கேட்கப்பட்ட நாள் 2005.

அந்த வருடம் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஓல்ட் ட்ரஃபோர்ட்டுக்குப் போய்வந்தவர்கள் பலர், இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று பருவகால ரிக்கற்றுகளை விட்டெறிந்தார்கள். அவர்கள் சேர்ந்து 'எஃப்சி யுனைற்றட் ஒஃப் மன்செஸ்ரர்' என்று தமக்கொரு கழகத்தைத் தொடங்கினார்கள். அங்கத்தவர்களே உரிமையாளர்கள். எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. உலகக் கிண்ணம் ஆடிய வீரர்களைப் பார்த்துப் பழகிய கண்கள், பத்தாவது தரத்துப் போட்டியில் தச்சனும் தபால்காரனும் மாதிரியான ஆட்கள் சேற்றில் உருளுவதைப் பார்க்கப் பழகின. 2015 இல்தான் மொஸ்ரன் பகுதியில் சொந்த மைதானம் வந்தது. குடும்பங்களுக்குள் பிளவுகூட வந்தது. தகப்பன் அங்கே போனால் மகன் இங்கே. இந்த ஆட்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது, அவர்களிடம் ஒலிவாங்கி நீட்டப்பட்டதும் குறைவு. கிளேசர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நெவிலுக்குப் பதினாறு வருடம் முன்னரே சொன்னவர்கள் இவர்கள்தான்.

நெவில் பயந்த பேர்வழியும் அல்ல. 2003 இல், மருந்துப் பரிசோதனைக்குப் போகத் தவறிய றியோ ஃபேர்டினன்டை இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தேசிய அணியிலிருந்து விலக்கியபோது, துருக்கிக்கு ஆடப் போகமாட்டோம் என்று வீரர்கள் வேலைநிறுத்தம்வரை போனார்கள். அதில் முன்னுக்கு நின்றவர் நெவில். 'சிவப்பு நெவ்' என்றுகூடப் பத்திரிகைகள் எழுதின. சங்கத்தை எதிர்த்து நிற்கத் தெரிந்தவருக்கு, இரண்டு வருடம் கழித்துத் தன் கழகத்தை ஒருவர் கடனில் விழுங்கியபோது அந்தக் குரல் எங்கே போனது என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பவன் பேசாததற்குக் காரணங்கள் உண்டு என்பது எமக்குத் தெரியாததல்ல. விசாவும் வாடகையும் கழுத்தில் கத்தியாக நிற்கும் ஒருவனிடம், நீ ஏன் அன்றைக்கே முதலாளியின் முகத்துக்குச் சொல்லவில்லை என்று கேட்க எவருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் 2005 இன் நெவில் அந்த நிலையில் இல்லை. மௌனத்தை எடைபோடும்போது, பேசியிருந்தால் எதை இழந்திருப்பார் என்பதையும் தட்டில் வைக்கவேண்டும். அவர் இழந்திருக்கக்கூடியது அதிகமில்லை.

டேவிட் பெக்கம் 2010 மார்ச்சில் ஏசி மிலான் அணியோடு ஓல்ட் ட்ரஃபோர்ட்டுக்கு வந்தபோது, கிளேசர் எதிர்ப்பாளர்களின் பச்சை-மஞ்சள் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அரங்கமே அதிர்ந்தது. பிறகு கேட்டபோது, கழகத்தை நடத்துவது தன் விடயமல்ல என்று ஒதுங்கிக்கொண்டார். நெவில் அந்த மட்டில் பரவாயில்லை. போட்ட சால்வையைக் கழற்றவில்லை.

அவருடைய கைகள் சுத்தமா என்று கேட்பவர்களிடமும் விடயம் இருக்கிறது. 2014 இல் நெவிலும் பழைய சகாக்களும் சொல்ஃபோர்ட் சிற்றி என்ற சிறு கழகத்தை வாங்கினார்கள். அதில் பாதிப் பங்கை எடுத்தவர் சிங்கப்பூர்ச் செல்வந்தர் பீற்றர் லிம். அதே லிம்தான் ஸ்பெயினின் வலென்சியாக் கழகத்தையும் வாங்கி, அங்கத்தைய இரசிகர்களால் வீட்டுக்குப் போ என்று வருடக்கணக்காக வீதியில் கத்தப்பட்டவர். 2015 டிசம்பரில் வலென்சியாவின் பயிற்றுநராக நெவிலை நியமித்ததும் லிம்மின் கழகம்தான். நாலு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. 2022 இல் கட்டாரின் தொலைக்காட்சிக்கு உலகக் கிண்ண வேலை செய்யப் போனார். அங்கே போயே அங்கத்தைய பிழைகளைச் சொல்லுவேன் என்றார். அந்தச் சமாதானம் பலருக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

எங்கள் படிப்பு பல்கலைக்கழகத்தில் பாதியில் நின்றுபோனது. தர்க்கவியலில் மிஞ்சியது ஒன்றுதான். சொல்பவனை அடிப்பது சொல்லப்பட்டதற்கு மறுப்பாகாது. நெவில் எவ்வளவு அழுக்கானவராக இருந்தாலும் கடன் கடன்தான், வட்டி வட்டிதான். இரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நெவில் யோக்கியனா என்று அடிபடும் ஒவ்வொரு மணித்தியாலமும் கிளேசர்கள் யோக்கியர்களா என்ற கேள்வி வெளியில் நிற்கிறது. ஆனால் இந்தத் தர்க்கவியல் பாதித்தூரம்தான் கொண்டுபோகிறது. சொல்லப்பட்டது உண்மையா என்பது ஒரு கணக்கு. சொன்னதற்கான பெருமை யாருக்கு என்பது வேறு கணக்கு. முதலாவதில் நெவில் சொன்னது செல்லும். இரண்டாவதில் அவருக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கிறது.

இந்தப் பந்துக் கதை எமக்கு ஏன் உறைக்கிறது என்று வாசகருக்கு விளங்கியிருக்கும். 'அங்க இருக்கேக்க வாய் திறக்காமல் இஞ்ச வந்து பாதுகாப்பாய் நிண்டு கதைக்கிறாய்' என்பது புலம்பெயர்ந்து வந்து எழுதிய ஒவ்வொருவரும் கேட்ட வசனம். அரசை எழுதினாலும் கேட்டோம், இயக்கங்களை எழுதினாலும் கேட்டோம். முன்பு ஓர் இயக்கத்தில் இருந்தவன் அதை விமர்சித்தால் 'அதின்ர சோத்தைத் திண்டவன்' என்றார்கள். அந்தச் சோறு ஊர்ச்சனம் பார்சல் கட்டிக் கொடுத்த சோறு என்பது எப்படி மறந்துபோனதோ! வெளியே வந்தால் பேச்சுக்கு விலையில்லை என்பதும் பொய். 1994 மே 1 இல் சபாலிங்கம் பாரிசில் தனது வீட்டில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். நெவிலுக்குப் பேசுவதற்குச் சம்பளம் கிடைக்கிறது. இரண்டு பேரும் 'வெளியில் நின்று பேசியவர்கள்'தான், ஆனால் இருவரையும் ஒரே வசனத்தில் அடக்கமுடியாது. அப்படியானால் அந்த வசனத்தில்தான் ஏதோ பிழை இருக்கிறது.

2024 இல் பிரித்தானியச் செல்வந்தர் ஜிம் ரட்கிளிஃப் யுனைற்றட்டில் கால்பங்குக்கு மேல் வாங்கி, பந்து விவகாரங்களைக் கையில் எடுத்தார். பெரும்பங்கு கிளேசர்களிடமே இருந்தது. நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. 2025 பெப்ரவரியில் வந்த செய்தியொன்று எங்கள் சமையலறையை ஒரு கணம் அமைதியாக்கியது. ஓல்ட் ட்ரஃபோர்ட்டில் ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டுக்கூடம் மூடப்படுகிறது, சாப்பாட்டுக்குப் பதிலாக இனிப் பழம். நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவருக்கு வாரமொன்றுக்குக் கொடுபடுவதில் ஒரு துண்டு போதும், அந்தச் சட்டிகள் தொடர்ந்து கொதித்திருக்கும். அங்கே சோறாக்கியவர்களை எந்தத் தொலைக்காட்சி கூப்பிட்டது?

2025 யூலையில் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கழக உரிமையாளர்களைக் கண்காணிக்கச் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவருக்கு வழி பிறந்தது. 2021 இன் அந்தக் கொதிப்பில்லாமல் இது இவ்வளவு விரைவில் வந்திராது. நெவிலின் குரலுக்கும் அதில் ஒரு பங்குண்டு, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவோம்.

லிம் விலகிக்கொண்டபின் 2025 மே மாதத்தில் நெவிலும் பெக்கமும் ஒரு புதிய குழுவோடு சொல்ஃபோர்ட்டைப் பொறுப்பெடுத்தார்கள். ஆக, நெவிலும் இப்போது உப்பிடுகிறவர் வரிசையில். என்றாவது ஒருநாள் அங்கிருந்து விலகிய ஒரு வீரனோ, உடுப்புத் தோய்த்த ஒரு பெண்ணோ எழும்பி, இந்தக் கழகம் இப்படி நடத்தப்படுகிறது என்று பகிரங்கமாகச் சொல்லக்கூடும். நெவில் அன்றைக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கேட்க நாம் ஆவலாயிருக்கிறோம்.