சட்டை மாறும், கடமை மாறாது



கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரு கேள்வி. இஷ் ஸ்மித் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? லெப்ரான் ஜேம்ஸைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரிந்திருக்காது. ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் 13 அணிகளுக்கு ஆடிச் சாதனை படைத்தவர் இவர். அவருக்கு முன் யாரும் 12-ஐத் தாண்டியதில்லை.

கேட்கப் பெருமையாக இருக்கும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, எத்தனை தடவை பெட்டி கட்டியிருப்பார்! 2010 டிராஃப்டில் 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் பெயர் வரவில்லை. பிறகு ஹூஸ்டன் அணியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ என்று ஊர் ஊராகப் போனார்.

2015 டிசம்பரில் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அந்த அணி அதுவரை ஆடிய 31 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்திருந்தது. 'இங்கே உழைச்சு என்ன ஆகப்போகுது?' என்று நாம் கேட்டிருப்போம். அவர் தன் வேலையைச் செய்தார்: பந்தை வேகமாகக் கொண்டுபோவது, சக வீரருக்குக் கொடுப்பது. சீசன் முடிவில் அணி ஜெயித்தது 82-இல் 10 தான்.

உயிர் உடலை மாற்றுவதற்கு உடை மாற்றுவதை உவமையாகச் சொல்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். இஷ் ஸ்மித்தின் 13 சட்டைகளைப் பார்த்தால் எனக்கு அந்த உவமைதான் நினைவுக்கு வரும். சட்டையில் ஊர்ப்பெயர் மாறியது. போட்டவர் ஒருத்தர்தான், அவர் கடமையும் ஒன்றுதான்.

'பலனில் பற்று வைக்காதேன்னா, ஜெயிக்க ஆசைப்படக் கூடாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமா ஆசைப்படுங்க, முழு மூச்சாக முயலுங்க. ஆனால் பலனில் பயிற்சியாளரின் முடிவும் இருக்கு, எதிரணியின் உழைப்பும் இருக்கு, காலமும் இருக்கு. நம் கையில் இருப்பது நம் வேலை. பலன் வராத நாளிலும் அதில் கை தளராமல் இருப்பதே கர்மயோகம்.

2023-இல் அவருடைய 13-ஆவது அணியான டென்வர், மயாமியைத் தோற்கடித்து முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. இறுதிச் சுற்றில் அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். 'பார்த்தீங்களா, பொறுத்தவருக்குக் கோப்பை!' என்று நான் முடிக்க மாட்டேன். கோப்பையே இல்லாமல் ஓய்வு பெற்ற நல்ல வீரர்கள் நிறைய பேர். டென்வர் தோற்றிருந்தாலும் பிலடெல்பியாவில் அவர் செய்த உழைப்பின் மதிப்பு குறைந்திருக்காது.

கேட்ட படிப்பு கிடைக்கவில்லை, வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று உங்களில் சிலர் இப்போது மனம் உடைந்திருக்கலாம். அந்த வலி உண்மை. ஆனால் கழன்றது ஒரு சட்டை. நீங்க அப்படியேதான் இருக்கீங்க. நாளைக் காலை சாமி முன் விளக்கேற்றும்போது 'எனக்கு ஏன் இப்படி?' என்பதோடு இன்னொன்றையும் கேளுங்க: 'இன்று என் கையில் இருக்கும் வேலை எது?' அது சின்ன வேலையாக இருந்தாலும், அதைச் சுத்தமாகச் செய்து அவன் காலடியில் வையுங்க. அதுவே அன்றைய பூசை.

இறையருள் துணை நிற்கட்டும்.